இரண்டாவது மானிட்டரில் 'நோ சிக்னல்' வந்தால்

முதலில் சிபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் ஒரு மானிட்டரைக் கார்டிலும் மற்றொன்றை மதர்போர்டிலும் செருகுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மவுஸ், கீபோர்டு செருகும் இடத்தருகே இருப்பது மதர்போர்டு போர்ட். அதற்குக் கீழே தனியாக இருப்பது கார்டு. கார்டு இருந்தால் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை (பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்) தானாகவே அணைத்துவிடும். இரண்டு கேபிளையும் கார்டிலேயே செருகுங்கள். மாடல் எண் 'எஃப்' என முடியும் இன்டெல் பிராசசரில் உள் கிராபிக்ஸே கிடையாது; அங்கே மதர்போர்டு போர்ட்டில் படம் வரவே வராது.

அடுத்து கேபிள். டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண கேபிள் ஒருவழிப் பாதை. கணினிப் பக்கம் டிஸ்பிளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

தேவனாம்பட்டினம், புதுச்சேரி கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றையும் சந்தேகப்பட வேண்டும். கேபிள் முனையில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருகுங்கள். அரித்துப்போன கேபிளைத் தூக்கிப் போடுவதே மேல், போர்ட்டையும் கெடுக்கும்.

மானிட்டர் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்க வேண்டும். பிறகு விண்டோஸ் விசையுடன் பி (P) அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். அப்போதும் கறுப்பாகவே இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (இது B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

படம் வந்தும் 4கே மானிட்டரில் மவுஸ் இழுவையாக நகர்ந்தால், எச்டிஎம்ஐ 1.4 போர்ட்தான் காரணமாக இருக்கும். அதில் 4கேக்கு 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 படம்தான் கிடைக்கும்.