நியான் டிஸ்ட்ரிக்டில் முதலில் கரண்ட், பிறகு சண்டை

ஹட்டன் பக்கம் மழைக்கு ஒரு லைன் அறுந்தால் இந்தத் தோட்டம் இருட்டு, எதிர்மலைத் தோட்டத்தில் லைட் எரியும். ‘இன்ஃபேமஸ்’ கேமின் எம்பயர் சிட்டியும் அப்படித்தான். 2009இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த கேம். குண்டு வெடித்து, கொள்ளைநோய் பரவி, நகரத்தையே பூட்டிவிடுகிறார்கள். நாம் முதலில் மாட்டிக்கொள்வது அந்த நகரத்தின் முதல் தீவான நியான் டிஸ்ட்ரிக்டில், ரீப்பர் கும்பலின் கையில்.

நாம் ஆடும் நாயகன் பெயர் கோல்; அவன் உடம்புதான் பற்றரி. கொன்ட்ரோலரில் எல்2ஐ அழுத்தி லைட் கம்பத்தில் கரண்ட் உறிஞ்சினால் சக்தி ஏறும், காயமும் ஆறும். கரண்ட் இல்லாத தெருவில் இந்த இரண்டும் எளிதில் கிடைக்காது. புதிதாக விளையாடுபவர்கள் சாவதும் அங்கேதான்: அடிபட்டு, திரை மங்கிய பிறகு கம்பம் தேடி ஓடுவார்கள். சண்டைக்கு முன்பே எல்3ஐ (இடது ஸ்டிக்கை உள்ளே அழுத்துவது) ஒரு தட்டுத் தட்டுங்கள், பக்கத்தில் எங்கே கரண்ட் இருக்கிறது என்று காட்டும். அந்த இடத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே சுடுங்கள்.

அதே எல்3 பிளாஸ்ட் ஷார்டுகளையும் (குண்டுவெடிப்பில் சிதறிய துண்டுகள்) மேப்பில் காட்டும். நகரத்தின் மூன்று தீவிலும் சேர்த்து 350. சேரச் சேர கோலுக்குள் அதிகக் கரண்ட் பிடிக்கும். ஆகவே போகும் வழியிலேயே பொறுக்குங்கள், கடைசிக்கு வைக்க வேண்டாம்.

சாக்கடைக்குள் இறங்கி கரண்ட் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும் மிஷன்களைத் தள்ளிப்போடாதீர்கள். மேலே தெருவுக்கு வெளிச்சம் வரும், கோலுக்குப் புதுச் சக்தியும் கிடைக்கும். மின்சாரம் தரும் காசல்ரீ அணைக்கட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெளிச்சத்தின் அருமை சொல்லாமலே புரியும். அடுத்தது சைட் மிஷன்கள். ஒன்றை முடித்தால் அந்தத் துண்டு நிலம் நம்முடையது, ரீப்பர்களின் தொல்லை அங்கே ஓயும்.

சண்டையில் கூரைமேல் நிற்கும் எதிரியை முதலில் தீர்த்துவிடுங்கள். எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் கோலுக்கு அடிபடாது, ஆனால் ஆழமான தண்ணீரில் விழுந்தால் சாவுதான். குட்டையில் மின்னல் விட்டால் அதில் நிற்கும் பொதுமக்களுக்கும் ஷொக் அடிக்கும். நல்லவனாக விளையாடுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

நம்ம பக்கத்துக்கு மட்டும் இன்னொன்று: சேவ் ஆகும்போது வீட்டுக் கரண்ட் போனால் சேவ் கெட்டுப்போகலாம். இடி இடிக்கத் தொடங்கினால் உடனே வேறொரு ஸ்லொட்டில் சேவ் செய்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.