தி இன்னசென்ட்ஸ் படத்தின் ஓர இருட்டு: பூசிய கண்ணாடி ஒருவழியாகப் பலித்தது

தி இன்னசென்ட்ஸ் படத்தில் கையில் மெழுகுவர்த்திக் கொத்துடன் நடிகை டெபோரா கெர் மாளிகைத் தாழ்வாரத்தில் நடந்து வருவாரே, அந்த வெளிச்சத்தை வீட்டு அறைக்குள் டிஜிட்டல் கேமராவில் கொண்டுவரும் வேலையில் கஷ்டமான கட்டம் தாண்டியாகிவிட்டது. இரண்டு பக்க ஓரமும் இருளில் கரைகிறது, முகம் நடுவில் நிற்கிறது. லென்ஸுக்கு முன்னால் வைத்த கண்ணாடியே அதைச் செய்கிறது. மென்பொருளில் விக்னெட் (ஓரங்களை இருட்டாக்கும் விளைவு) எதுவும் போடவில்லை.

1961இல் வந்த இந்தப் படத்தை சினிமாஸ்கோப்பில்தான் எடுக்க வேண்டும் என்பது ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் நிபந்தனை. இயக்குநர் ஜாக் கிளேட்டனுக்கு அந்த அகலம் பிடிக்கவில்லை. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் கையால் வண்ணம் பூசிய ஃபில்டர்களைப் போட்டு ஓரங்களை இருட்டாக்கினார். அகலத் திரை அகலமாகவே இருந்தது. ஆனால் அந்த அகலத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போனது. பேய்க் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்!

இதை மென்பொருளில் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் ஓரத்தில் ஒரு சுடரை வைத்து எடுத்துப் பாருங்கள். சென்சாரில் ஏற்கெனவே வெளுத்துப்போன சுடரை விக்னெட் சாம்பல் நிறத்துக்கு இழுத்துவிடும். எரிகிற தீ அழுக்குத் துணி மாதிரி தெரியும். கண்ணாடி, ஒளி சென்சாருக்குப் போகும் முன்பே குறைக்கிறது. சுடர் சுவரைவிடப் பல மடங்கு அதிக வெளிச்சம் உள்ளது என்பதால் குறைந்த பிறகும் வெள்ளையாகவே நிற்கும். பின்னால் உள்ள சுவர் மட்டும் இருட்டுக்குள் போகும்.

இனி கண்ணாடி. படச்சட்டம் போடுகிற கடையில் கிடைக்கும் 2 மி.மீ. சாதாரணக் கண்ணாடி போதும். 100 மி.மீ. சதுரமாக வெட்டி வாங்கி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் தகடு எளிதில் கீறும், தூசியையும் இழுக்கும். எங்கே, எவ்வளவு பூசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சார் (சுமார் 23.5 மி.மீ. அகலம்), 50 மி.மீ. லென்ஸ், லென்ஸின் முன்பக்கமிருந்து பார்த்தால் உள்ளே தெரியும் துவாரத்திலிருந்து 6 செ.மீ. தள்ளிக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால், படத்தின் முழு அகலமும் கண்ணாடியில் சுமார் 28 மி.மீ. இடத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 6 மி.மீ. சுத்தமாக விட்டு, அங்கிருந்து வெளிப்பக்கம் நோக்கி முதல் பூச்சு. இரண்டாவது 9 மி.மீ.இல் தொடங்க வேண்டும், மூன்றாவது 12 மி.மீ.இல். மேலேயும் கீழேயும் பூச வேண்டாம், சினிமாஸ்கோப்பின் 2.35:1 அகல-உயர விகிதத்துக்கு எப்படியும் அது வெட்டப்பட்டுவிடும். 6000 பிக்சல் அகலம் என்றால் 2553 பிக்சல் உயரம்தான் மிஞ்சும்.

பூச்சுக்குக் கறுப்புக் கண்ணாடி வண்ணம், அதற்குரிய தின்னரில் நன்றாக நீர்க்கக் கலந்தது. தூரிகை வேண்டாம், கோடு விழும். ஒப்பனை ஸ்பான்ஜின் மூலையால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தின் மேல் ஒற்றினால் கீழே உள்ளது உரிந்து வந்துவிடும். பளபளப்பு வண்ணத்தைத் தவிர்த்து மேட் வாங்குங்கள்.

அடுத்து அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரம். குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் வரும். எஃப் 2இல் 25 மி.மீ. அவ்வளவு பெரிய துவாரம் பூசிய இடத்தையும் பூசாத இடத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும், படம் முழுவதும் மங்குமே தவிர ஓரம் தனியாக இருட்டாது. எஃப் 16இல் 3 மி.மீ.தான், ஸ்பான்ஜ் ஒற்றின புள்ளிகூடத் தெரியும். எஃப் 5.6இல் 9 மி.மீ. 3 மி.மீ. இடைவெளியில் நிற்கும் மூன்று பூச்சுகளும் அதில் ஒன்றோடொன்று கரைந்து ஒரே சரிவாகிவிடுகின்றன. ஃபிரான்சிஸின் வேலை இங்கேதான் மலைக்க வைக்கிறது. அவர் அருகும் தூரமும் ஒருசேரத் தெளிவாக இருக்கும்படி துவாரத்தைச் சுருக்கி எடுத்தவர். அப்படியானால் ஃபில்டர் சரிவு எவ்வளவு நுணுக்கமாக இருந்திருக்க வேண்டும்! துவாரம் சுருங்கச் சுருங்க விளக்கும் அதிகம் வேண்டும். அந்த வெளிச்சத்தில் காட்சிகளுக்கு இடையே கெர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

கண்ணாடியால் வரும் தொல்லை ஒன்று உண்டு: சுடரின் பிம்பம் படத்தின் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக விழும். கண்ணாடியை 5 முதல் 10 டிகிரி முன்சாய்த்து, லென்ஸுக்கும் அதற்கும் இடையே உள்ள இடைவெளியைச் சுற்றிலும் கறுப்பு வெல்வெட் துணியால் மூடினால் பிம்பம் சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

மெழுகுவர்த்தியை அப்படத்துக்கென்றே செய்தார்கள், நான்கைந்து திரிகளைச் சேர்த்து முறுக்கி. நாமும் பாரஃபினில் பத்தில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்த்து ஊற்றலாம், மெழுகு கெட்டிப்படும். திரியை முதலில் உருகிய மெழுகில் முக்கி விறைப்பாக்கிக்கொள்ளாவிட்டால் முறுக்கு அவிழ்ந்து ஆளுக்கொரு பக்கம் எரியும். சுடர் பெரிது, புகையும் பெரிது, ஒழுகலும் அதிகம். பிடிப்பவர் கைக்குப் பாதுகாப்பாகத் தட்டு அகலமாக இருக்கட்டும். தலைமுடியும் தொங்கும் துணியும் சுடருக்குக் கிட்டவே வரக்கூடாது.

அதோடு, மெழுகுவர்த்தி மட்டும் போதாது. சுடர் இருக்கும் திசையிலிருந்தே ஒரு சிறிய மஞ்சள் எல்ஈடி வேண்டும். அதில் கவனிக்க வேண்டியது, எரியும் மெழுகுவர்த்தியின் நிழலே சுவரில் விழுந்தால் குட்டு உடைந்துவிடும். கறுப்பு அட்டையால் விளக்கின் கீழ்ப்பகுதியை மறைத்து, தண்டின்மேல் ஒளி படாமல் முகத்தில் மட்டும் படவிடுங்கள்.

இவ்வளவும் அமைந்த பிறகு முன்னால் நிற்பவர் கண்ணை விரித்துப் பயந்து காட்டினால் படம் செத்துவிடும். ஓரம் இருண்டதும் முகத்தின் அசைவு ஒன்றுக்கு இரண்டாகத் தெரிகிறது. இதில் கெரைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். 1921இல் கிளாஸ்கோவில் பிறந்து, நடிப்புக்கு முன் லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் நடனப் பள்ளியில் பாலே பயின்றவர். கழுத்தையும் தோளையும் அவர் வைத்திருக்கும் விதத்திலேயே பாதிக் கதை வந்துவிடுகிறது. 1947இல் பிளாக் நார்சிசஸில் கன்னியாஸ்திரீயின் வெள்ளைத் துணி முகத்தைத் தவிர எல்லாவற்றையும் மூடியிருந்தது, அந்த முகத்தை வைத்தே ஆசையையும் அகந்தையையும் காட்டினார். 1953இல் ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி அவருக்கு இருந்த அடக்கமான சீமாட்டி என்ற அச்சை உடைத்தது உண்மைதான். ஆனாலும் உள்ளே கொதிப்பதை அடக்கி வைப்பதுதான் கடைசிவரை அவர் பலம். ஆறு முறை ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை, 1994இல் கௌரவ விருது. இன்னசென்ட்ஸ் அந்த ஆறில்கூட இல்லை என்பது ஆறாத வருத்தம். வருகிற வேடங்களும் படங்களில் பெருகிய நிர்வாணமும் ஒப்பாமல் 1960களின் முடிவில் சினிமாவை விட்டு மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் போனார். 1985இல் மதுர் ஜாஃப்ரியுடன் தி அஸ்ஸாம் கார்டன் மட்டும் விதிவிலக்கு. எல்லாவற்றையும் திறந்து காட்டாத நடிகைக்கு அது இயல்பான முடிவு.

ஆகவே மாடலிடம் "பயப்படு" என்று சொல்லாதீர்கள். பக்கத்து அறையில் ஒரு சத்தத்தைக் காதால் தேடச் சொல்லுங்கள், வாய் சற்றே திறந்து மூச்சு நிற்கும், அந்த நொடியில் ஷட்டர். ஷட்டர் வேகம் 1/60 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கலாம்.

கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்புச் சேனலைக் குறைக்க வேண்டும். மெழுகு வெளிச்சத்தில் சிவப்புதான் அதிகம், அப்படியே விட்டால் உதடு தோலோடு மறைந்துவிடும். நீலச் சேனலில் இரைச்சல் (புள்ளி புள்ளியான கரகரப்பு) நிறைய. சிவப்பு 35, பச்சை 55, நீலம் 10 சதவீதம் என்ற கலவை முகத்துக்கு ஒத்துவருகிறது.

அடுத்து பிளாக் நார்சிசஸின் வண்ணத்தில் கைவைக்க ஆசை. வெர்மீரையும் காரவாஜியோவையும் மனதில் வைத்து ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் போட்ட ஒளி அது. இமயமலையை இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவிலேயே கண்ணாடி ஓவியங்களால் எழுப்பினார்கள். விளக்கின் முன் வைக்கும் பச்சை ஜெல் தாள் கிடைத்துவிட்டது. அதற்கு முன், இந்தத் தாழ்வாரக் காட்சிக்கு இடப்பக்கம் மட்டும் கனத்த இருட்டு உள்ள இரண்டாவது கண்ணாடி பூசியாக வேண்டும். முதல் பூச்சு இப்போதுதான் காய்கிறது.