எத்தனைக்கு எத்தனை?

கல்லூரி வானொலியில் நான் முதன்முதலில் நேரடி வர்ணனை செய்தது ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு. தொண்டை கட்டும் அளவுக்குப் பேசினேன். மறுநாள், காலில் கட்டுப் போட்டு விடுதி அறையில் படுத்திருந்த நண்பனைப் பார்க்கப் போனேன், பாராட்டை எதிர்பார்த்துத்தான். "நல்லாத்தான்டா கத்தின. எத்தனைக்கு எத்தனைன்னு மட்டும் சொல்லவே இல்லையே?" என்றான்.

பதிவை எடுத்துக் கேட்டேன். உண்மைதான். இரண்டாம் பாதியில் 18 நிமிடம் ஸ்கோர் என்ற பேச்சே இல்லை. ஸ்கோர்போர்டு என் கண்ணுக்கு நேரே இருந்ததால், கேட்பவருக்கும் அது தெரியும் என்று மனம் தானாக முடிவு கட்டிவிட்டது. ஓர் இடத்தில் "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று வேறு சொல்லியிருக்கிறேன். வானொலியில்! அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என் குரலை நானே முழுதாகக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதைவிடக் கொடுமையான ஆசிரியர் எனக்கு வாய்த்ததில்லை.

இந்தச் சிக்கல் வானொலி வர்ணனையோடு கூடவே பிறந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 1927 ஜனவரி 22 அன்று பிபிசி முதல்முறையாக ஒரு கால்பந்து லீக் ஆட்டத்தை நேரடியாக ஒலிபரப்பியது. ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் ஆடிய ஆட்டம். மைதானத்தை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்த ஒரு படத்தை 'ரேடியோ டைம்ஸ்' இதழில் முன்கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். ஒருவர் ஆட்டத்தை வர்ணிக்க, இன்னொரு குரல் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லும். அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், முட்டை வேகவைக்க வைத்துக்கொள்ளும் மணல் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்திருப்பாராம். 3 நிமிடத்தில் மணல் தீர்ந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். எனக்கு மணல் கடிகாரம் கிடைக்கவில்லை. கைப்பேசியில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும்படி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அட்டை. ஆட்டத்துக்கு முந்தைய இரவு, இரு அணி வீரர்களின் எண், பெயர், ஆடும் இடம் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். எதிரணியின் பட்டியல் பெரும்பாலும் ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான் கைக்கு வரும். அவர்களுடைய பயிற்சியாளரிடம் ஓடிப்போய், பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக்கொள்வேன். அப்படியும் ஒருமுறை 17ஐ 7 என்று படித்து, ஒருவர் போட்ட கோலை இன்னொருவர் கணக்கில் சேர்த்துவிட்டேன். அடுத்த நிமிடமே ஒலிபரப்பில் திருத்திக்கொண்டேன். அடித்தவர் அதைக் கேட்டிருக்கப் போவதில்லை, சரி. வீட்டிலிருந்து அவருடைய ஆட்கள் கேட்டிருப்பார்களே.

எங்கள் 'வர்ணனை அறை' என்பது பார்வையாளர் படிக்கட்டின் மேல்தட்டில் போட்ட ஒரு மேசை. மழை வந்தால் மைக்குக்குத்தான் குடை, எங்களுக்கு இல்லை. இதைப் பற்றி ஒலிபரப்பிலேயே புலம்புவேன். வின் ஸ்கல்லியின் கதை தெரிந்த பிறகு நிறுத்திவிட்டேன். ஃபோர்டாம் பல்கலைக்கழக மாணவர் வானொலியில் பழகியவர் அவர். 1949இல் ரெட் பார்பர் அவரை பாஸ்டனில் ஒரு கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு அனுப்பினார். அறைக்குள் உட்காரலாம் என்று நினைத்து மேலங்கியை விட்டுவிட்டுப் போனவருக்குக் கிடைத்தது ஃபென்வே பார்க் மைதானத்தின் கூரை. குளிரில் நடுங்கியபடியே வர்ணித்தார். கேட்டவர்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மறு ஆண்டு டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் வர்ணனையாளர் குழுவில் சேர்ந்தவர், 2016 வரை அங்கேயே இருந்தார்.

வானொலி முடிந்த கையோடு மாணவர் இதழுக்கு 400 சொல்லில் செய்தி எழுத வேண்டும். "மாலைச் சூரியன் மைதானத்தைப் பொன்னாக்கிய வேளையில்" என்று நான் தொடங்கியிருந்ததை, ஆசிரியராக இருந்த சீனியர் அக்கா ஒரே கோட்டில் அடித்தார். கேள்வி அதேதான். "எத்தனைக்கு எத்தனை? அதை ஏன் நாலாவது பத்தியில ஒளிச்சு வச்சிருக்க?"

அந்த ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்டவன் என் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன். 'பொன்னான வாய்ப்பைக் கோட்டைவிட்டார்' என்று எழுதியிருந்தேன். "அவன்கிட்ட பேசினியா?" என்று அக்கா கேட்டார். பேசவில்லை. கூச்சம். தினமும் கூடச் சாப்பிடுகிறவனிடம் இதை எப்படிக் கேட்பது? கடைசியில் போய்க் கேட்டேன். ஓடி வரும்போது பாதியில் மனம் மாறி, வேறு பக்கம் அடித்துவிட்டதாகச் சொன்னான். கோட்டைவிட்ட வரியை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். செய்தியிலேயே உருப்படியான வரி அதுதான்.

இதழ் வந்த அன்று அவன் என்னிடம் பேசவில்லை. மறுநாள் வகுப்பில் அதை விரித்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தான். "மிஸ் பண்ணேன்னு எழுதினது சரி. இடது பக்கம்னு போட்டிருக்க. நான் அடிச்சது வலது பக்கம்டா."

நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த படிக்கட்டிலிருந்து பார்த்திருந்தேன். என் இடது, அவனுக்கு வலது. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வந்தது.