திரையும் கச்சான் காற்றும்

ஆடி, ஆவணியில் வன்னியில் கச்சான் என்ற வறண்ட காற்று புழுதியோடு அடிக்கும்போது கண் எரிந்தால், பழியை முழுக்கப் போனின் மேல் போடவேண்டாம். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை அளவில் இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும், பல தடவை இமை முழுதாக மூடுவதுமில்லை. கண்ணீர்ப் படலம் உடைந்து காய்கிறது. வறண்ட காற்று அதை இன்னும் விரைவாகக் காய வைக்கும். முகத்துக்கு நேரே சுழலும் ஃபேனும் அதே வேலையைத்தான் செய்யும். முதலில் அதைக் காலடிப் பக்கம் திருப்புங்கோ.

20 நிமிடத்துக்கு ஒருக்கால், 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கவேண்டும். யன்னலால் தெரியும் முற்றத்து வேம்பு போதும். அந்த நேரத்தில் இமையை முழுதாக மூடித் திறவுங்கோ, பத்துத் தடவை.

கணினித் திரை 50 முதல் 70 சென்ரிமீற்றர் தள்ளி, மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. உயரமாக வைத்தால் கண் அகல விரிந்து கூடக் காயும். யன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். இருட்டில் போன் பார்ப்பதென்றால் அறையில் ஒரு பல்பையாவது போட்டுவிடுங்கோ.

நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குக் காசு கொடுக்கவேண்டாம். களைப்பைக் குறைப்பதாக நல்ல ஆதாரமில்லை. சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம், பாவிப்பதை நிறுத்தியதும் சிவப்புத் திரும்பிவரும். பாமசியில் செயற்கைக் கண்ணீர் என்று கேளுங்கோ. நாளுக்கு நாலு தடவைக்கு மேல் விடுவதென்றால் மருந்து கெடாமல் காக்கும் இரசாயனம் சேராதது நல்லது.

40 வயது தாண்டியவர்களுக்குத் திரை பார்க்கும்போது வரும் தலையிடிக்கு வெள்ளெழுத்தும் (கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாமை) காரணமாக இருக்கலாம். பார்வை திடீரென மங்கினால், கண் நொந்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.