லிமரிக் ஜங்ஷன் முதல் டங்கார்வன் வரை: ஒரு கிராமத்து வக்கீலின் தடம்

அயர்லாந்தில் கூலி விவசாயிகளுக்கு வீடு கிடைக்க உழைத்த வக்கீல் ஜே.ஜே. ஓ'ஷீயின் தடத்தைத் தொடர, லிமரிக் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். இந்த ஜங்ஷன் லிமரிக்கில் இல்லை, டிப்பரரி மாவட்டத்தில் இருக்கிறது. பெயரை நம்பி லிமரிக் நகரத்தில் அறை எடுத்துவிட்டால் அலைச்சல்தான். டப்ளின் ஹூஸ்டன் நிலையத்தில் கார்க் நகருக்குப் போகும் ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஜங்ஷன் வந்துவிடும். அங்கிருந்து வாட்டர்ஃபோர்டு போகும் வண்டிகள் மிகக் குறைவு, ஞாயிற்றுக்கிழமை ஓடுவதே இல்லை. முதலில் அந்த வண்டியின் நேரத்தைப் பாருங்கள், டப்ளின் டிக்கெட்டைப் பிறகு எடுக்கலாம்.

இந்த ஜங்ஷனில்தான் 1894 ஆகஸ்டில் ஐரிஷ் நில, தொழிலாளர் சங்கம் பிறந்தது. டி.டி. ஷீஹனோடு சேர்ந்து அதைத் தொடங்கிச் செயலாளராக உழைத்தவர் ஜே.ஜே. ஓ'ஷீ, ஷூர் ஆற்றங்கரை சொலிசிட்டர். 1895 முதல் 1918 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மேற்கு வாட்டர்ஃபோர்டு எம்.பி. அந்தத் தொகுதியில் அவருக்கு முன்பு இருந்த ஆல்ஃபிரட் வெப்பை நமக்கும் தெரியும்: 1894 டிசம்பரில் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான்.

நிலச்சுவான்தார்களை எதிர்த்து நடந்த நிலப் போராட்டத்தில் குத்தகை விவசாயிக்கு உரிமை கிடைத்தது. அவர் வயலில் கூலிக்குப் போனவருக்கு மண்குடிசைதான் மிச்சம். 1883-ஆம் வருடச் சட்டம் கூலியாளுக்கு வீடும் அரை ஏக்கரும் தரச் சொன்னது. ஆனால் மனுவில் உள்ளூர் வரி கட்டுபவர்கள் 12 பேர் கையெழுத்துப் போட வேண்டும். வரி கட்டுபவர் யார்? பெரும்பாலும் அதே விவசாயி. மனுவை விசாரிக்கும் உள்ளூர் நிர்வாக போர்டிலும் அவர் ஆட்களே. வீடு கட்டினால் அவர் வரி ஏறும், மனையும் அவர் வயலிலிருந்துதான் போகும். மனு எப்படி நகரும்? நகர்ந்தாலும் விசாரணை, அப்பீல் என்று செலவு கூடும். இந்தச் சிக்கலை அவிழ்க்க மேடைப் பேச்சு போதாது, சட்டப்பிரிவுகளைக் கரைத்துக் குடித்த வக்கீல் வேண்டும். ஓ'ஷீயின் பெருமை அதில்தான் இருக்கிறது என்பேன்.

சங்கம் விடாமல் நெருக்கியதன் பலன் 1906-ஆம் வருடச் சட்டம். வீடு கட்ட 42.5 லட்சம் பவுண்டு கடன், அதில் 36 சதவீதத்தை அரசே ஏற்றது. முதல் உலகப்போருக்குள் நாடெங்கும் 40,000 வீடுகளுக்கு மேல் எழுந்துவிட்டன.

அவற்றைப் பார்க்க அந்த வாட்டர்ஃபோர்டு வண்டியிலேயே போய் கேரிக்-ஆன்-ஷூரில் இறங்கி, பாலம் தாண்டி கேரிக்பெக் வழியாக ஆர்676 சாலையைப் பிடியுங்கள். வாடகைக் கார் தேவைப்படும். வலப்பக்கம் கோமரா மலை கூடவே வரும். மாஹன் பிரிட்ஜ், லெமிப்ரையன், பிறகு டங்கார்வன். சாலையை ஒட்டிய சின்ன வீடுகளைக் கவனியுங்கள்: ஸ்லேட் கூரை, நடுவில் வாசல், இரு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல். பின்னால் புது அறைகள் சேர்ந்திருப்பதால் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். மனையின் வேலியைப் பார்த்தால் பிடிபடும். பெரிய வயலின் ஓரத்தில் வெட்டியெடுத்த ஐம்பது சென்ட் அல்லது ஒரு ஏக்கர், அதில் உருளைக்கிழங்குப் பாத்தி போட்ட இடம். இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சாலையில் நின்றே படம் எடுங்கள்.

1918 தேர்தலில் வாட்டர்ஃபோர்டு மாவட்டம் அயர்லாந்து விடுதலை கேட்ட ஷின் ஃபெய்ன் கட்சியின் கஹல் ப்ரூகாவைத் தேர்ந்தெடுத்தது. ஓ'ஷீயின் நாடாளுமன்ற நாட்கள் அத்தோடு முடிந்தன.