நல்லா ஓடுற சிஸ்டத்தை ஏன் தூக்கிப் போடணும்?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்துட்டு இருந்த சப்போர்ட், அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட் எல்லாம், முடிஞ்சது 2025 அக்டோபர் 14. அன்னைக்கு எந்த சிஸ்டமும் நின்னு போகல, மறுநாளும் எல்லாம் எப்பவும் போலத்தான் ஓடுச்சு, அதனால நம்மாளுங்கள்ல நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. ஆனா தெரிஞ்சவங்க வீட்டுக்கும் கடைக்கும் சிஸ்டம் பாத்துக் குடுக்குற என்னை மாதிரி ஆளுங்களுக்கு அதுல இருந்து ஒரே கேள்விதான். "விண்டோஸ் லெவனுக்கு மாத்த முடியாதுன்னு வருதே, புதுசு வாங்கியே ஆகணுமா?" இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியல, அதான் மனசுல இருக்கிறதை எல்லாம் இங்க கொட்டிடலாம்னு உட்காந்துட்டேன்.

விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர் 5. அதைப் போடணும்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இருக்கணும், ஆன் ஆகுறப்போ நம்பகமான மென்பொருளை மட்டும் ஓட விடுற செக்யூர் பூட் வசதி இருக்கணும், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறை ப்ராசஸர்ல இருந்துதான் கணக்கு. சரி, பாதுகாப்புக்காகன்னு சொல்றாங்க, அதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா நடைமுறையில என்ன ஆகுதுன்னு பாருங்க. 2017ல வாங்கின ஏழாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி எல்லாம் போட்டு பறக்குற சிஸ்டம் தகுதி இல்லாதது. 4 ஜிபி ராமும் ஒரு செலரான் ப்ராசஸரும் வச்சு, ரெண்டு டேப் திறந்தாலே மூச்சு வாங்குற லேப்டாப் தகுதியானது. இதுல இன்னொண்ணு, ஏழாம் தலைமுறையில சில மாடலுக்கு மட்டும் பின்னாடி விலக்கு குடுத்தாங்க, அதுல ஐ7 7820எச்க்யூவும் ஒண்ணு. அது எதுல இருக்குன்னா, மைக்ரோசாஃப்ட் தானே வித்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2ங்கிற கம்ப்யூட்டர்ல இருக்கு. அப்போ ஏழாம் தலைமுறையில முடியவே முடியாதுங்கிறது இல்லையே, யாருக்கு முடியணும்ங்கிறதை அவங்க முடிவு பண்றாங்க, அவ்வளவுதானே.

வீட்டுல யூஸ் பண்றவங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தர்றோம்னு ஒரு நீட்டிப்பு குடுத்தாங்க. 30 டாலர் கட்டணும், இல்லன்னா மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸை அவங்க க்ளவுட்ல பேக்கப் பண்ணணும். ஐரோப்பாவுல நுகர்வோர் அமைப்பு கேள்வி கேட்டதும் அங்க மட்டும் அந்த பேக்கப் நிபந்தனையை எடுத்துட்டாங்க. கேட்டா கிடைக்குதுங்கிறதுக்கு இது நல்ல உதாரணம், அதனாலதான் நாமளும் வாயைத் திறந்து கேக்கணும்னு நினைக்கிறேன்.

எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் ப்ராசஸர் பத்தி கூட இல்ல. காசு குடுத்து வாங்கின சிஸ்டத்துல நாம வாடகைக்கு குடியிருக்கிறவன் மாதிரி ஆகிட்டோம்ங்கிறதுதான். புது லேப்டாப்பை திறந்து முதல் தடவை ஆன் பண்ணா நெட் கனெக்ஷன் கேக்குது, அப்புறம் மெயில் ஐடி கேக்குது, அது இல்லாம அடுத்த ஸ்க்ரீனுக்கு விடாது. ஷிஃப்ட்டும் எஃப்10ம் அழுத்தி கறுப்பு விண்டோ வரவச்சு ஒரு கமாண்ட் அடிச்சா தப்பிச்சு, மெயில் ஐடி இல்லாம அந்த சிஸ்டத்துக்குள்ள மட்டும் இருக்கிற லோக்கல் அக்கவுண்ட் போட்டுக்கலாம்னு சர்வீஸ் பண்றவங்க எல்லாருக்கும் தெரியும், அந்த வழியையும் 2025ல இருந்து சோதனை பதிப்புகள்ல அடைக்க ஆரம்பிச்சாங்க. ஒரு ரேஷன் கடை பக்கத்துல டைப்பிங் சென்டர் வச்சிருக்கிறவருக்கு எதுக்குங்க க்ளவுட் அக்கவுண்ட்? அவருக்கு வேணும்ங்கிறது சிஸ்டம் ஆன் ஆகணும், டைப் அடிக்கணும், பிரிண்ட் வரணும். இதுக்கு மேல 2024ல ஸ்டார்ட் மெனுவுல "பரிந்துரை"ன்னு சொல்லி ஆப் விளம்பரம் வேற காட்ட ஆரம்பிச்சாங்க. அதை ஆஃப் பண்ண வழி இருக்கு, ஆனா செட்டிங்ஸ்ல எங்க இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? செட்டிங்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது, 2012ல விண்டோஸ் 8ல புது செட்டிங்ஸ் கொண்டுவந்தாங்க, பழைய கன்ட்ரோல் பேனல் இன்னும் போகல, இங்க பாதி அங்க பாதின்னு பத்து வருஷத்துக்கு மேல ஓடிட்டு இருக்கு. டாஸ்க்பாரை பக்கவாட்டுல வச்சுக்கிற வசதி, விண்டோஸ் 95 காலத்துல இருந்து இருந்தது, அதை 11ல எடுத்துட்டாங்க, ஜனங்க வருஷக்கணக்கா திருப்பிக் கேட்டுட்டே இருந்தாங்க.

அப்புறம் விண்டோஸ் 11ல வந்த ரீகால்ங்கிற வசதி. 2024 மே மாசம் அறிவிச்சாங்க, நாம ஸ்க்ரீன்ல பாக்குறதை எல்லாம் சில நொடிக்கு ஒரு தடவை படம் பிடிச்சு வச்சுக்கிட்டு பின்னாடி தேடிக் குடுக்கும்னு. பாதுகாப்பு ஆராய்ச்சி பண்றவங்க எடுத்துப் பாத்தா அந்த தகவல் எல்லாம் சரியா பூட்டாமலே கிடந்தது, பெரிய எதிர்ப்பு வந்து தள்ளிப் போட்டு, மாத்தி, நாமளே ஆன் பண்ணாத்தான் ஓடும்னு ஆக்கி, 2025 ஏப்ரல்ல வெளியிட்டாங்க. அடுத்த மாசமே, வாட்ஸ்அப் மாதிரி மெசேஜ் அனுப்புற சிக்னல் ஆப்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா, சினிமாவை திருட்டுத்தனமா ரெக்கார்ட் பண்ணாம இருக்கிறதுக்குன்னு விண்டோஸ்ல ஒரு வசதி இருக்கு, அதை எடுத்து நம்ம சாட்டை ரீகால் கண்ணுல படாம மறைச்சாங்க. இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆப் தன்னோட யூஸரை ஓஎஸ்கிட்ட இருந்து, அதாவது விண்டோஸ் மாதிரி சிஸ்டத்தையே ஓட்டுற மென்பொருள்கிட்ட இருந்து, காப்பாத்த வேண்டிய நிலைமை. ஓஎஸ்ஸோட வேலையே நம்மளைக் காப்பாத்துறதுன்னு நினைச்சுட்டு இருக்கோம் நாம.

2025 நவம்பர்ல விண்டோஸ் பிரிவோட தலைவர் பவன் தாவுலூரி, நம்ம சென்னை ஐஐடில படிச்சவர், விண்டோஸ் இனிமே நமக்காக தானே வேலை செய்ற ஏஐ ஏஜென்ட்களோட ஓஎஸ்ஸா மாறப் போகுதுன்னு எக்ஸ்ல ஒரு போஸ்ட் போட்டார். வந்த பதில் எல்லாம் கோபம்தான். யாரும் இதைக் கேக்கல, முதல்ல இருக்கிறதை சரி பண்ணுங்கன்னு. கடைசியில அவரே செய்ய வேண்டியது நிறைய இருக்குன்னு ஒத்துக்கிட்டு பதில் எழுதினார். எனக்கு ஏஐ மேல வெறுப்பு எதுவும் கிடையாது, தேவைப்பட்டப்போ கூப்பிட்டு வேலை வாங்கிக்குவேன். கூப்பிடாம நோட்பேட்ல கூட வந்து நிக்கிறதுதான் பிரச்சனை.

மேக் பக்கம் போனா மட்டும் என்ன. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், டஹோங்கிற மேக்ஓஎஸ் பதிப்புதான் இன்டெல் ப்ராசஸர் போட்ட மேக்குக்கு கடைசின்னு ஆப்பிள் சொல்லிடுச்சு. இன்டெல் மேக் ப்ரோவை 2023 வரைக்கும் லட்சக்கணக்குல வித்தாங்க. வாங்கினவங்க நிலைமையை நினைச்சா கஷ்டமா இருக்கு.

இப்போ, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா போட்டுக்கிற லினக்ஸ்ங்கிற ஓஎஸ். எங்க தெருவுல தையல் கடை வச்சிருக்கிற அக்காகிட்ட அவங்க பொண்ணு காலேஜ்ல யூஸ் பண்ணின பழைய லேப்டாப் ஒண்ணு இருந்தது, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் கரகரன்னு சத்தம் போடும். எஸ்எஸ்டி மாத்திட்டு, லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் குடுத்தேன். முதல்ல இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே லைவா ஓட்டி வைஃபை வருதா, சவுண்ட் வருதா, கேமரா வேலை செய்யுதான்னு பாத்துக்கிட்டோம். அக்கா பக்கத்துல உட்காந்து எல்லா ஸ்க்ரீனையும் படிச்சுட்டே வந்தாங்க. பேரு கேட்டுச்சு, பாஸ்வேர்ட் கேட்டுச்சு, முடிஞ்சது. "தம்பி, மெயில் ஐடி எதுவும் கேக்கலையே, அப்புறம் நிக்குமா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, இது உங்க லேப்டாப், உங்க பேரு போதும்னு சொன்னேன். பிளவுஸ் டிசைன் வீடியோ பாக்குறது, வாட்ஸ்அப்ல கஸ்டமர் அனுப்புற போட்டோவை பிரிண்ட்டுக்கு எடுக்குறது, அளவு நோட்டை லிப்ரே ஆஃபீஸ்ல எக்செல் மாதிரி இருக்கிற கால்க்ல டைப் பண்ணி வைக்கிறது, எல்லாம் அதுலதான் இப்போ. இடது கைப் பக்கம் கீழ மெனு இருக்கு, பழைய விண்டோஸ் மாதிரியே, அவங்களுக்குப் புதுசா எதுவும் சொல்லிக் குடுக்க வேண்டி வரல. அப்டேட் வந்தா ஓரத்துல ஒரு சின்ன ஐகான் காட்டும், நாம க்ளிக் பண்ணாத்தான் போடும், தானா ரீஸ்டார்ட் ஆகாது. இந்தப் பதிப்புக்கு 2029 வரை சப்போர்ட் இருக்கு. தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ்ங்கிற டைப்பிங் கருவியும் அதுக்கான எம்17என் பேக்கேஜும் சேர்த்தா தமிழ்99, ஃபொனடிக், பழைய டைப்ரைட்டர் லேஅவுட் வரைக்கும் வருது. 1999ல சென்னையில மாநாடு போட்டு முடிவு பண்ணின அந்த தமிழ்99 லேஅவுட் இன்னைக்கு பைசா செலவில்லாம ஒரு பழைய லேப்டாப்ல ஓடுறதைப் பாக்குறப்போ நிஜமாவே சந்தோஷமா இருக்கும்.

அப்போ எல்லாருக்கும் லினக்ஸ் போட்டுட வேண்டியதுதானேன்னா, அங்கதான் சிக்கல், அதைத்தான் நான் சொல்ல வந்ததே. டெஸ்க்டாப்போட எதிர்காலம் ஏஐல இருக்கு, புது டிசைன்ல இருக்குன்னு பெரிய பெரிய மேடையில பேசுறாங்க. நம்ம ஊர்ல அது பில்லிங் சாஃப்ட்வேர்லயும் பிரிண்டர் டிரைவர்லயும்தான் மாட்டிக்கிட்டு நிக்குது. கடைக்காரருக்கு டேலி வேணும், டேலி பிரைம் விண்டோஸ்லதான் ஓடும், க்ளவுட்ல ப்ரவுசர் வழியா யூஸ் பண்ணலாம், ஆனா அதுக்குத் தனியா மாசா மாசம் காசு. ஆடிட்டர் ஆபீஸ்ல வருமான வரி எக்செல் யுடிலிட்டி வேணும், அது முழுக்க மேக்ரோல, அதாவது எக்செல்லுக்குள்ள எழுதி வச்ச குட்டி புரோகிராம்ல ஓடுறது, லிப்ரே ஆஃபீஸ்ல திறந்தா பட்டன் இருக்கும் வேலை நடக்காது. பிரிண்டிங் பிரஸ்ல இன்னும் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, அது 2001ல வந்தது, அதுல பாமினி மாதிரி பழைய எழுத்துரு, அந்த கல்யாணப் பத்திரிகை ஃபைலை எல்லாம் இப்போ எல்லா சிஸ்டத்துலயும் யூஸ் பண்ற யூனிகோடு எழுத்து முறைக்கு மாத்துறதுன்னா யாரு உட்காந்து மாத்துறது? அப்புறம் பாதி ஜெராக்ஸ் கடையில உட்காந்திருக்கிற அந்த சின்ன கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், பேரைச் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும், லினக்ஸ்ல அதுக்கு டிரைவர் ஏத்துறது தனி வேலை. டாட் மேட்ரிக்ஸ் கூட பரவால்ல, பொதுவான எப்சன் டிரைவர்லயே ஓடிடும்.

விளையாட்டுல இந்த பூட்டை உடைச்சுக் காட்டிட்டாங்கங்கிறதுதான் எனக்கு நம்பிக்கை குடுக்குற விஷயம். ஒரு காலத்துல லினக்ஸ்ல கேம்னாலே முடியாதுன்னு விட்டுடுவாங்க. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையை நடத்துற வால்வ் கம்பெனி 2018ல ப்ரோட்டான்னு ஒண்ணு கொண்டுவந்து, விண்டோஸுக்கு எழுதின கேமை அப்படியே லினக்ஸ்ல ஓட வச்சாங்க, 2022ல ஸ்டீம் டெக்னு கையில வச்சு விளையாடுற லினக்ஸ் மெஷினே வித்தாங்க, 2025 அக்டோபர் கணக்குல ஸ்டீம் யூஸர்ல லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. சின்ன நம்பர்தான், ஆனா ஒரு கம்பெனி காசு போட்டு ஆள் வச்சு பண்ணினா முடியும்ங்கிறது நிரூபணம் ஆயிடுச்சு இல்லையா? அதே அக்கறையை கணக்கு சாஃப்ட்வேருக்கும் பிரிண்டருக்கும் யாராவது காட்டினா போதும்.

நம்ம அரசாங்கத்துக்கும் இதுல பங்கு இருக்கு. 2011ல இலவச லேப்டாப் குடுத்தப்போ விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் போட்டுக் குடுத்தாங்க, சிடாக் நிறுவனம் சென்னையில இருந்து உருவாக்கினது. நல்ல ஆரம்பம். ஆனா பூட் ஆகுறப்போ வர்ற ரெண்டாவது வரி என்னன்னு பசங்களுக்கு சொல்லிக் குடுக்க ஆள் இல்ல, பாடத்துல அதுக்கு இடமும் பெருசா இல்ல. பக்கத்து கேரளாவுல பள்ளிக்கூட ஐடி பாடத்தையே கட்டற்ற மென்பொருள்ல நடத்துறாங்க, கைட்னு அவங்களே ஒரு அமைப்பு வச்சு, உபுண்டுங்கிற லினக்ஸை எடுத்து மலையாளத்தோட சேர்த்து பள்ளிக்கூடத்துக்குன்னே தயார் பண்ணி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் குடுக்குறாங்க. லேப்டாப் குடுத்ததுல நாம முன்னாடி நின்னோம், சொல்லிக் குடுக்குறதுல அவங்க முன்னாடி போயிட்டாங்க.

லினக்ஸ்காரங்க மேலயும் எனக்கு ஆதங்கம் உண்டு. ஒரு சாஃப்ட்வேர் போட டெப், ஸ்னாப், ஃப்ளாட்பேக், ஆப்இமேஜ்னு நாலு வழி, எது நல்லதுன்னு அவங்களுக்குள்ளயே சண்டை. ஸ்க்ரீன்ல விண்டோவை எல்லாம் காட்டுற அடிப்படை மென்பொருளை எக்ஸ்11ல இருந்து வேலேண்டுக்கு மாத்துறோம்னு பல வருஷமா மாறிட்டே இருக்காங்க, நடுவுல தமிழ் டைப்பிங் சில ஆப்ல வேலை செய்யும் சில ஆப்ல செய்யாது, கண் பார்வை இல்லாதவங்க ஸ்க்ரீன் ரீடரை வச்சு படுற பாட்டை அவங்களே எழுதி இருக்காங்க. இதெல்லாம் முதல்ல சரி ஆகணும், வால்பேப்பர் அனிமேஷன் அப்புறம் வரட்டும்.

ஒரு ஓஎஸ்கிட்ட நான் எதிர்பாக்குறது ரொம்ப சாதாரணமான விஷயங்கள்தான். நேத்து எங்க வச்சேனோ இன்னைக்கு அங்கயே இருக்கணும். நெட் இல்லாமலும் முழுசா வேலை செய்யணும். மெஷின் ஓடுற வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரணும், இல்லன்னா எத்தனை வருஷம் வரும்னு வாங்குறப்பவே பெட்டி மேல அச்சடிச்சு ஒட்டணும். ஃபேன், ஃப்ரிட்ஜ் மேல எல்லாம் ஸ்டார் ஒட்டித்தானே விக்கிறாங்க, லேப்டாப் மேல சப்போர்ட் முடியுற வருஷத்தை ஒட்டுறதுல என்ன கஷ்டம்? வருமான வரி மாதிரி அரசாங்க ஃபார்ம் எல்லாம் எந்த ஓஎஸ்லயும் ப்ரவுசர்லயே முடியணும்.

இப்போதைக்கு என்கிட்ட கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ப்ரவுசர், வாட்ஸ்அப், யூட்யூப், லெட்டர் டைப்பிங் இவ்வளவுதான் வேலைன்னா புதுசு வாங்காதீங்க, எஸ்எஸ்டி போட்டு மின்ட் போடுங்க. டேலியும் பிரிண்டரும் உயிர்நாடின்னா அந்த நீட்டிப்புல சேருங்க, டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் எடுத்து வைங்க, அவசரப்பட்டு சென்னையில கம்ப்யூட்டர் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடாதீங்க. டேலியை லினக்ஸ்ல, விண்டோஸ் சாஃப்ட்வேரை ஓட்ட உதவுற வைன் வச்சு தினசரி பில்லிங் நிஜமா ஓட்டுறவங்க யாராவது இருந்தா எப்படி பண்றீங்கன்னு விவரமா சொல்லுங்க, முக்கியமா ஜிஎஸ்டி பில்லை டாட் மேட்ரிக்ஸ்ல அளவு மாறாம எப்படி பிரிண்ட் எடுக்குறீங்கன்னு. நாலு கடைக்காரங்க அதுக்காகத்தான் காத்துட்டு இருக்காங்க.