ஓட்டோடு வைத்தால் புகை ஏறாது

கொல்லையில் டிரம் ஸ்மோக்கர் (கரி, விறகுப் புகையில் மெதுவாக வேகவைக்கிற டிரம் அடுப்பு) வைத்திருப்பவர்கள் பலர், கோழி வேகும்போதே ஓரத்தில் பச்சை முட்டையையும் ஓட்டோடு அடுக்கிவிடுகிறார்கள். 110 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் முட்டை வெந்துவிடும், ஓடும் அழகாகப் பழுப்பேறும். ஆனால் உரித்துக் கடித்தால் அவித்த முட்டைதான். புகை ஓட்டிலேயே நின்றுபோயிருக்கும். அவித்து, உரித்து, ஈரம் போக்கிய பிறகு உள்ளே வைத்தால்தான் வாசம் ஏறும்.

கொதிக்கிற தண்ணீரில் இறக்கி, நாமக்கல் முட்டைக்கு 8 நிமிடம், சிறிய நாட்டுக்கோழி முட்டைக்கு 7 நிமிடம் போதும். மீதி வேக்காட்டை ஸ்மோக்கர் பார்த்துக்கொள்ளும். முழுசாக அவித்துவிட்டு மறுபடி சூட்டில் வைத்தால் வெள்ளைக்கரு ரப்பராகும், மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். வெள்ளையிலுள்ள கந்தகமும் மஞ்சளிலுள்ள இரும்பும் சேர்வதால் வருவது அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாயிராது. வெந்ததும் ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். அன்றைக்கு இட்ட முட்டை சரியாக உரியாது, வெள்ளையைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு வாரம் ஆனதாக எடுங்கள்.

உரித்ததை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு கரைத்து, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் ஊறவிடலாம். அவசரமென்றால் விட்டுவிடுங்கள். துடைப்பதை மட்டும் விடக்கூடாது. துணியால் ஒற்றி, ஃபேன் அடியில் அரை மணி நேரம் வைத்தால் மேல்பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும். அந்தப் பதத்தில்தான் புகை சமமாக ஒட்டும். ஈரத்தோடு வைத்தால் புகையிலுள்ள தார் நீர்த்துளியில் கரைந்து கோடு கோடாக வழியும், அந்த இடமெல்லாம் கசக்கும்.

விறகுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் மெஸ்கிட் என்று காசுக்கு விற்கிற மரத்தின் நெருங்கிய சொந்தம்தான் கண்மாயெல்லாம் மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டங்களில் வேகிற அடுப்புக்கரியும் பெரும்பாலும் அதுவே. கரிக்கு அது முதல்தரம். புகைக்குக் கொஞ்சம் முரடு. முட்டைக்கு என் தேர்வு கொய்யாக் கட்டை, இல்லாவிட்டால் மா. நன்றாகக் காய்ந்த கட்டையில் கை முஷ்டி அளவுக்கு இரண்டு துண்டு போதும். வேம்பு கசக்கும். தைலமரம் இருமல் மருந்து நாற்றம் அடிக்கும். அரளி விஷம், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பெயிண்ட் அடித்த பலகையும் ஆகாது.

கரி சாம்பல் பூத்த பிறகே கட்டையை வையுங்கள். முதலில் வெள்ளையாக, கெட்டியாகப் புகை வரும்; அப்போது முட்டையை வைத்தால் அடுப்படிப் புகைக்கூண்டை நக்கின ருசிதான். புகை மெலிந்து நீலம் தட்டும்வரை பொறுங்கள். கட்டையைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். ஊறிய கட்டை முதலில் ஆவியைத்தான் விடும், தணலையும் அணைக்கும். மேல் துவாரம் முழுக்கத் திறந்திருக்கட்டும். சூட்டைக் கீழ்த் துவாரத்தில் கட்டுப்படுத்துங்கள். மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கித் தாராகப் படியும்.

கம்பித் தட்டில் லேசாக நல்லெண்ணெய் தடவி, கங்குக்கு நேர் மேலே இல்லாமல், முட்டைக்கு முட்டை ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். தெர்மாமீட்டர் மூடியில் இருந்தால் நம்பாதீர்கள்; தட்டு மட்டத்தில் 90 டிகிரி காட்ட வேண்டும். 40 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பிவிட்டால் போதும். வெளிர் தேன் நிறம் வந்ததும் எடுங்கள். கறுக்கவிட்டால் கசப்பு.

30 டிகிரிக்குக் கீழே வைக்கிற குளிர்ப்புகை முறையைப் பார்த்துவிட்டுச் சித்திரையில் காரைக்குடியில் முயற்சி செய்ய வேண்டாம். வெளிக்காற்றே அதைத் தாண்டியிருக்கும், முட்டை மணிக்கணக்கில் அந்தச் சூட்டில் கிடந்தால் கெடும். சூடான புகையையும் விடியற்காலையில் போடுவது நல்லது. வெயிலேறினால் டிரம்மின் தகடே காய்ந்து சூடு கைக்கு அடங்காது.

எடுத்ததும் வாசம் காரமாக இருக்கும். மூடிபோட்டு ஓரிரவு ஃபிரிட்ஜில் வைத்தால் அடங்கும். இடித்த மிளகும் உப்பும் தூவி அப்படியே சாப்பிடலாம். குழம்பில் போடுவதென்றால் அடுப்பை அணைத்த பிறகு இரண்டு கீறல் போட்டு இறக்குங்கள். கூடவே கொதித்தால் புகை வாசம் குழம்புக்குப் போய் முட்டை வெறிச்சோடிவிடும். கல்பாசியைப் பாதியாகக் குறையுங்கள், அதுவும் புகை மணம்தான், இரண்டும் சேர்ந்தால் சோம்பும் மராத்தி மொக்கும் இருக்கிற இடம் தெரியாது. புகை போட்டதால் முட்டை நாள்படத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்: ஃபிரிட்ஜில் நான்கு நாள், வெளியே நம் வெயிலுக்கு ஒரு மணி நேரம்.